காலி பண்ணச் சொன்னால் முடிந்துவிடுமா?

எங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் அது "சத்தம்" என்ற பெயரில்தான் பேச்சுக்கு வந்தது. லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு, மொட்டை மாடிச் சாவி, அதற்கடுத்து மூன்றாவது மாடியிலிருந்து ராத்திரியில் வரும் சத்தம். அது என்ன சத்தம் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். பாத்திரம் விழும், கதவு சாத்தப்படும், ஒரு பெண் "வேணாம், வேணாம்" என்பாள், குழந்தை அழும், அப்புறம் டிவியின் ஒலி கூடும். ஆனால் கூட்டத்தில் ஒருவர் வாயிலும் "அடிக்கிறான்" என்ற சொல் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், வயதானவர்கள் தூங்க முடியவில்லை, கட்டடத்தின் பேர் கெடுகிறது என்று பேசினார்கள். வெளியூரில் இருக்கும் வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டு, அந்தக் குடும்பத்தைக் காலி பண்ணச் சொல்வது என்று முடிவானது. நான் எதிர்த்துப் பேசினேன். அந்தப் பெண் எங்கே போவாள் என்று கேட்டேன். அப்போது பொருளாளர், நல்ல மனிதர், கோபமில்லாமல்தான் கேட்டார்: "சரிம்மா, காலி பண்ணச் சொல்ல வேணாம். வேற என்ன பண்ணணும்கிறீங்க? நீங்களே சொல்லுங்க."

அந்த மாதக் கடைசியில் ஒரு டாடா ஏஸ் வண்டியில் பீரோவும் கட்டிலும் வாஷிங் மெஷினும் ஏறின. அந்தப் பெண் முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் போன் நம்பர் எங்களில் யாரிடமும் இல்லை. எந்தப் பக்கம் வீடு பார்த்திருக்கிறார்கள் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியவில்லை. கட்டடம் அமைதியானது. பொருளாளர் கேட்ட கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. காலி பண்ணச் சொல்லக்கூடாது என்றால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் வேறு என்னதான் செய்ய முடியும்? அதற்கு எனக்குக் கிடைத்த பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. இதை ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29. படிப்பு, வேலை, மகளிர் குழு என்று பலவற்றில் முன்னால் நிற்கிற மாநிலத்தின் எண் இது. அதே கணக்கெடுப்பில் எனக்கு இதைவிடவும் கனமாகத் தெரிந்த எண் ஒன்று உண்டு. இந்திய அளவில், உடலளவிலோ பாலியல் ரீதியிலோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. போலீஸ் வரை போனவர்கள் வெகு சிலர். நம் தளத்தில் பத்து வீடு இருந்தால் அதில் எத்தனை வீட்டில் இது நடக்கலாம், எத்தனை பேர் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள் என்று அவரவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவள் யாரிடமும் சொல்லாததைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும், காலி பண்ணுவது என்றால் என்னவென்று. அட்வான்ஸ் கைக்கு வர வேண்டும், புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடம் தள்ளிப்போகும், கடன் ஏறும். ஏற்கெனவே கை நீட்டுகிறவன் இருக்கும் வீட்டில் இந்தப் பாரம் யார் முதுகில் விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. "உன்னாலதான் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, நீ கத்தினதாலதான்" என்று அதற்கும் அடி விழும். புது இடத்தில் அவள் முகம் யாருக்கும் பழக்கமில்லை. எந்தக் கடைக்காரர் கடன் தருவார், எந்த வீட்டில் ராத்திரி கதவைத் தட்டலாம் என்று அறிந்துகொள்ளவே பல மாதம் ஆகும். அந்தத் தெரு பழகும் நேரத்தில் அங்கேயும் யாராவது சங்கக் கூட்டத்தில் சத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிரானது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, சேர்ந்து வாழும் வீட்டில் இருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்கிறது. வீடு யார் பேரில் இருந்தாலும் சரி, வாடகை வீடாக இருந்தாலும் சரி. 19ஆம் பிரிவின்படி, அடிக்கிற ஆணை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அவளுக்கு வேறு வீடு பார்த்துத் தரவும் வாடகை கட்டவும் சொல்லலாம். அவன் வெளியே போகட்டும், அவள் உள்ளே இருக்கட்டும் என்று பாராளுமன்றம் யோசித்து எழுதிவைத்ததை, குடும்பத்தோடு வெளியே போ என்று ஒரே போன் காலில் ஒரு சங்கம் இல்லாமல் ஆக்கிவிடுகிறது. எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்.

சேர்த்து வைப்பது

காலி பண்ணச் சொல்லாத இடங்களில் வேறொன்று நடக்கும். பெரியவர்கள் கூடிப் பேசிச் சேர்த்து வைப்பார்கள். நம் ஊரில் இதற்கு நல்ல பெயர் உண்டு. குடும்பத்தைக் கெடுக்காமல் காப்பாற்றினார் என்பார்கள். தெருப் பெரியவர், கட்சிக்காரர், கோயில் தர்மகர்த்தா, பாதிரியார், ஜமாத், பெண் வீட்டு மாமா, யார் பேசினாலும் முடிவு ஒரே மாதிரிதான் இருக்கும்: "இனிமே குடிக்க மாட்டேன், கை நீட்ட மாட்டேன்" என்று அவன் சொல்வான்; "நீயும் கொஞ்சம் வாயைக் குறைச்சுக்கம்மா" என்று அவளிடம் சொல்வார்கள். காபி குடித்துவிட்டு எல்லோரும் கலைந்துபோவார்கள்.

தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில்தான் திறக்கப்பட்டது. ஒரு பெண் தன் வீட்டுக்குள் நடந்ததை இன்னொரு பெண்ணிடம் சொல்ல இடம் வேண்டும் என்ற எண்ணமே அன்று பெரிய விஷயம். நான் அதை மதிக்கிறேன். ஆனால் மகளிர் காவல் நிலையங்களுக்குப் போய்வந்தவர்களிடம் கேட்டால், இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசியதையும், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியதையும்தான் அதிகம் சொல்கிறார்கள். கையில் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று இருக்கும். கணவன் கொடுமைக்கான பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று இருந்தது. 2024 ஜூலையிலிருந்து, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85 ஆகிவிட்டது. எண் மாறினாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மாறவில்லை: "சேர்ந்து வாழ விருப்பமா, இல்லையா?" அடிபட்ட அன்றைக்கே அதற்குப் பதில் சொல்லும் நிலையில் யார் இருப்பார்கள்? அவளுக்கு அன்று ராத்திரி எங்கே படுப்பது என்பதே தெரியாது.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. வாக்குவாதம் வேறு, பயம் வேறு. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயப்படாத வீட்டில் பெரியவர்கள் பேசலாம். ஒருத்தி மட்டும் பயந்து வாழும் வீட்டில், அவள் மனதில் இருப்பதை அவன் முன்னால் சொல்லச் சொல்வது அன்றைய ராத்திரிக்கு அவளை மாட்டிவிடுவதுதான்.

காலண்டர் தாள்கள்

எங்கள் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்க வரும் அக்கா புளியந்தோப்புப் பக்கம் ஹவுசிங் போர்டில் இருக்கிறார். மகளிர் குழுவில் லீடர். மூன்றாவது மாடி காலியானது தெரிந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா, அனுப்பிட்டீங்களா? அந்தப் பொண்ணு இனிமே எங்க கீதுன்னு யாருக்குத் தெரியும்?" நாங்கள் யாரும் கூட்டத்தில் கேட்காத கேள்வி அது. சத்தம் கேட்கும் இடத்தில் அவள் இருந்தாள் என்பதே அவளுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சில வாரம் கழித்து அவர் பேத்திக்குக் காது குத்தினார்கள் என்று வீட்டுக்குப் போயிருந்தேன். சின்ன வீடு. சமையலறைச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. கட்டத்துக்குக் கட்டம் பால் பாக்கெட், தண்ணீர் கேன் கணக்கு. சில தேதிகளில் மட்டும் மூலையில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. அது என்ன தவணைத் தேதியா என்று கேட்டேன். அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பையை எடுத்தார். உள்ளே தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டு. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பால்பாயிண்ட் பேனாவில் ஒன்றிரண்டு வரி. "ராத்திரி 11. கரண்டி. இடது கை." "காலைல. முடிய புடிச்சு இழுத்தான். புள்ள பாத்துச்சு." "வரல. சத்தம் மட்டும்." அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. எல்லாம் மாடிப்படிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுடையவை.

அந்தப் பெண்ணும் குழுவில் இருக்கிறாள். நாலைந்து வருஷமாக அடி. பிறந்த வீட்டுக்குப் போவாள், திரும்பி வருவாள். ஸ்டேஷனுக்குப் போவாள், எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவாள். குழுப் பெண்கள் முதலில் கூட ஓடினார்கள். பிறகு சலித்துவிட்டார்கள். இவ்வளவு அடிபட்டும் அவன்கிட்டயே போறவளுக்கு நாம எதுக்கு நம்ம வீட்டுக்காரர்கிட்ட திட்டு வாங்கணும் என்று ஒதுங்கினார்கள். அக்கா மட்டும் ஒதுங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவ போறான்னா போவட்டும்மா. புள்ளைங்க கீது, துட்டு இல்ல, இன்னா பண்ணுவா? போன வாட்டி ஏன் போனேன்னு நான் கேட்டா, அடுத்த வாட்டி என்கிட்டயே சொல்ல மாட்டா. அவ சொல்லாம உட்டுட்டா எனக்கு ஒண்ணும் தெரியாமப் பூடும்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் தியாகம் செய்கிற தொனி எதுவும் இல்லை. தவணை வசூலிப்பது பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

தேதி எழுதும் பழக்கம் எப்படி வந்தது என்றும் சொன்னார். குடும்ப வன்முறைச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் ஒருமுறை வேறொரு பெண்ணோடு போயிருக்கிறார். அங்கே டி.ஐ.ஆர். என்கிற நிகழ்வு அறிக்கைப் படிவத்தில் என்றைக்கு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் விழித்திருக்கிறாள். "டெய்லி அடி வாங்குறவளுக்கு இன்னா தேதி ஞாபகம் இருக்கும்? எல்லா நாளும் ஒரே நாளாத்தான் இருக்கும். அதான் நான் எழுதிக்கினு வர்றேன்." காலண்டர் தாளிலேயே தேதி அச்சாகியிருப்பதால் அதைத் தேர்ந்தெடுத்தாராம். மாதக் காலண்டரில் அந்தப் பெண் பார்க்கும்படி ஒரு புள்ளி மட்டும் வைப்பார். பால் வாங்க வரும்போது அவள் அதைப் பார்ப்பாள். யாரோ ஒருத்தர் குறித்துவைக்கிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாள் ராத்திரி மண்டை உடைந்து அவள் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. அடுத்த பிளாக்கில் ஆட்டோ ஓட்டுகிற தம்பி காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கேஷுவாலிட்டியில் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். சொல்வதை ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார்கள். முந்தைய சீட்டில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக" என்று இருந்தது, ஏனென்றால் அன்று பக்கத்தில் நின்றவன் புருஷன். இந்தத் தடவை பக்கத்தில் அக்கா நின்றார். "என் வீட்டுக்காரர் அடிச்சார்" என்று அவள் தன் வாயால் சொன்னாள். அந்த ஏ.ஆர். காப்பியும், துணிப்பையில் இருந்த தாள்களும், மறுவாரம் பாதுகாப்பு அலுவலரின் மேஜைக்குப் போயின. வழக்கு எழும்பூர் நீதிமன்றத்தில் நடக்கிறது. அவன் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று இடைக்கால உத்தரவு இருக்கிறது. குடித்துவிட்டு கீழே வந்து நின்று கத்துவான். அப்போது குழுப் பெண்கள் நாலைந்து பேர் படிக்கட்டில் வந்து நிற்கிறார்கள். ஒதுங்கிப் போனவர்களும் சேர்த்துத்தான். அவனோடு பேச்சில்லை, சண்டையில்லை. நிற்பார்கள். ஒருத்தி அவசர உதவி எண் 112க்குப் போன் போடுவாள். உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்வதை அக்கா என்னிடம் மனப்பாடமாகச் சொன்னார்.

சுவருக்கு இந்தப் பக்கம்

பொருளாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு இருந்த முதல் பயம் பெரும்பாலோருக்கு இருப்பதுதான்: "நாம போய்ப் புகார் கொடுத்தா நம்ம மேல கேஸ் போடுவான்." அதற்கும் சட்டத்தில் வழி எழுதியிருக்கிறது. 4ஆம் பிரிவின்படி, வன்முறை நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நம்ப இடமிருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவிலோ கிரிமினலோ எந்த வழக்கும் நிற்காது. உறவுக்காரராக இருக்கவேண்டியதில்லை, பார்த்தே இருக்கவேண்டியதும் இல்லை. பாதுகாப்பு அலுவலர் சமூக நலத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் இருப்பார். ராத்திரியில் என்றால் பெண்கள் உதவி எண் 181. உயிருக்கு ஆபத்து என்றால் 112. பாதிக்கப்பட்ட பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்க இடமும் மருத்துவ, சட்ட உதவியும் கிடைக்கும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்கவேண்டியதில்லை. 1987ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. அமைப்பு இப்படி வெளியேறும் பெண்களுக்குத் தங்குமிடமும் ஆலோசனையும் தருகிறது. தீக்காயத்தோடு பிழைத்து வந்தவர்களுக்காகத் தனியே வேலை செய்கிறது. "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று சொல்லச்சொல்லி மிரட்டப்பட்ட பெண்களும் அவர்களில் உண்டு என்பதை நினைத்தால், கேஷுவாலிட்டியில் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

போய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் என்று துடிக்கிற இளைஞர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, அதைச் செய்யாதீர்கள். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு கதவு சாத்தப்படும், அவள் உள்ளே இருப்பாள். 2008இல் பிரேக்த்ரூ அமைப்பு நடத்திய ஒரு பிரசாரத்தில் சொன்னது சின்ன விஷயம்தான்: சத்தம் கேட்டால் போய் காலிங் பெல்லை அடியுங்கள், பால் இருக்கிறதா என்று எதையாவது கேளுங்கள். நம் வீடுகளில் உறைமோர் கேட்கலாம், உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்கலாம். அந்த நிமிஷத்து அடி நிற்கும். மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு அவளிடம், நேற்று சத்தம் கேட்டது, எப்போது வேண்டுமானாலும் வரலாம், என் போன் நம்பர் இது என்று மட்டும் சொன்னால் போதும். என்ன செய்ய வேண்டும் என்று அறிவுரை வேண்டாம். அவள் போனை அவன் நோண்டுவான் என்பதால் நம்பரை வேறு பெயரில், தையல்காரர், பால்காரர் என்று வைத்துக்கொள்ளச் சொல்லலாம். கையில் காசில்லாத பெண்ணும் இன்று கோர்ட்டுக்கும் அலுவலகத்துக்கும் யாரிடமும் கேட்காமல் போய்வர முடிகிறதென்றால், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதும் ஒரு காரணம். அக்காவே சொன்னார், "பஸ் ஃப்ரீ ஆனப்புறம்தாம்மா அவ தனியா வாய்தாவுக்குப் போறா."

எங்கள் கட்டடத்தில் இப்போது நாங்கள் கேட்டுவருவது இரண்டு விஷயம். வாடகை ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் வர வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 2019 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். எழுதுகிற இடத்தில் இன்னொரு பெயரைச் சேர்க்க யாருக்கும் செலவில்லை. அவள் பெயர் இல்லாவிட்டாலும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் அவனை வெளியேற்றிய மறுநாள், "என் ஒப்பந்தம் அவரோடதான், நீங்க யாரு?" என்று உரிமையாளர் கேட்க முடியாமல் போவது அவள் பெயரும் அதில் இருந்தால்தான். அதோடு, புகார் வந்த காரணத்துக்காக எந்தக் குடும்பத்தையும் காலி பண்ணச் சொல்வதில்லை என்று சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதக் கேட்டிருக்கிறோம். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தந்தால் பிரச்சினை வரும் என்று இரண்டு உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், மாதிரி ஒப்பந்தத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொண்டவர்கள் இன்னும் பாதிகூட இல்லை. மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.